வாசகர் கேள்வி பதில்: டி அணு எதைப் பார்க்கிறது?

சென்ற இதழில் தடுப்பூசிகளைப் பற்றி எழுதியபோது, "ஆன்டிஜெனை அடையாளம் கண்டுகொண்ட அணுக்கள் பெருகுகின்றன" என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்மாதம் அதிகம். கண்ணும் மூளையும் இல்லாத ஓர் உயிரணு (நம் இரத்தத்தில் காவல் காக்கும் பி அணு, டி அணு எனும் வெள்ளணுக்களைச் சொல்கிறேன்) எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பக்கத்தை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். முழங்கால் வலி, நீரிழிவு பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கொவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு அனுப்பிய ஏஆர்டி எனும் விரைவுச் சோதனைப் பெட்டி ஒன்று இன்னமும் எங்கள் அலமாரியில் கிடக்கிறது. அதன்மேல் 'ஆன்டிஜென்' என்று போட்டிருக்கிறது. ஆன்டிஜென் என்றால் கிருமி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரிதானா?
– பொங்கோல் வாசகி

பாதி சரி. கிருமி முழு ஆள் என்றால், ஆன்டிஜென் என்பது அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கும் அங்க அடையாளம். கிருமியின் உடம்பிலுள்ள ஒரு புரதமாகவோ சர்க்கரைச் சங்கிலியாகவோ அது இருக்கலாம். கிருமியே அல்லாத மகரந்தத்திலும் இறாலிலும் மற்றவருடைய இரத்தத்திலும்கூட ஆன்டிஜென் உண்டு. நம் நோயெதிர்ப்பு அணுக்களின் ஏற்பியோ (அணுவின் மேற்பரப்பிலுள்ள, பற்றிக்கொள்ளும் புரதம்) எதிர்ப்பொருளோ (பி அணுக்கள் செய்து இரத்தத்தில் விடும் புரதம்) பற்றிக்கொள்ளக்கூடிய எதுவும் ஆன்டிஜென்தான்.

உங்கள் அலமாரியில் இருப்பதைப் போன்ற பெட்டிகளில் பெரும்பாலானவை தேடுவது, கொவிட் கிருமியின் மரபுப்பொருளைச் சுற்றிக்கொண்டிருக்கும் 'என்' புரதத்தை. கிருமியின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் முள் போன்ற புரதத்தை அவை தேடுவதில்லை. மூக்கிலிருந்து எடுத்ததைக் கரைசலில் கலக்கிச் சொட்டுவிட்டதும், அந்த ஈரம் தாள்பட்டை வழியே ஊறிச் செல்கிறது. வழியில் காத்திருக்கும், நிறமேற்றப்பட்ட எதிர்ப்பொருள்கள் 'என்' புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்து, கோடாகப் பதித்துவைத்த வேறு எதிர்ப்பொருள்கள் அந்தச் சோடியையே பிடித்து நிறுத்துகின்றன. பல பெட்டிகளில் நாம் காணும் அந்தச் செந்நிறம் மிக நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம் என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி. 'என்' புரதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கடிதத்தில் அது மறுபடியும் வருகிறது.

கேள்வி: உலகில் இதுவரை இல்லாத புதுக் கிருமி வந்தாலும் அதற்குரிய அணு நம் உடலில் முன்பே இருக்கிறது என்கிறார்கள். வராத விருந்தாளிக்கு முன்கூட்டியே இலை போட்டு வைப்பது எப்படி முடியும்?
– உட்லண்ட்ஸ் வாசகர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்

இதே கேள்விதான் சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில் அறிஞர்களைத் தூங்கவிடாமல் செய்தது. இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ட்ஸ்டைனர், ஆய்வகத்தில் மனிதன் செய்த, இயற்கையில் எங்குமே இல்லாத சிறு வேதிப்பொருள்களைப் புரதத்தோடு இணைத்து முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். முயல்கள் அவற்றுக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கின. முயலின் முன்னோர் எவரும் கண்டிராத பொருளுக்கு எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது? வேதியியல் மேதை லைனஸ் பாலிங் 1940ல் ஒரு விடை சொன்னார். எதிர்ப்பொருள் முதலில் உருவமற்று இருக்கும் என்றும், ஆன்டிஜென் வந்ததும் மாவை அச்சில் அழுத்தியதுபோல அதன்மேல் படிந்து உருவம் பெறும் என்றும் அவர் கருதினார். கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருந்தது, ஆனால் தவறு.

ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் 1957ல் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வோர் அணுவும் பிறக்கும்போதே தனக்கென ஒரே வகை ஏற்பியோடு பிறக்கிறது. கோடிக்கணக்கான அணுக்கள், ஒவ்வொன்றிடமும் ஒவ்வொரு வடிவம். ஆன்டிஜென் எதையும் கற்றுத்தருவதில்லை; தனக்குப் பொருந்தும் அணுவைத் தேர்ந்தெடுத்துப் பெருகவைக்கிறது. அவ்வளவுதான். ஆகவே உங்கள் உவமையையே சற்று மாற்றிச் சொன்னால், குறிப்பிட்ட ஒரு விருந்தாளிக்கு இலை போடவில்லை. பந்தல் முழுவதும் இலை போட்டு வைத்திருக்கிறோம், பெரும்பாலான இலைகளில் யாரும் உட்காரப்போவதே இல்லை.

அத்தனை இலைக்கு வாழை எங்கே என்று அடுத்து கேட்பீர்கள். மனிதனின் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. கோடிக்கணக்கான ஏற்பிகளுக்குத் தனித்தனி மரபணு இருக்க வழியில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பணியாற்றிய ஜப்பானியர் சுசுமு டொனெகாவா 1976ல் இதை விடுவித்தார். கருவிலுள்ள எலியின் மரபிழையில் (டிஎன்ஏயில்) தள்ளித்தள்ளி இருக்கும் துண்டுகள், எதிர்ப்பொருள் செய்யும் அணுவில் வெட்டி ஒட்டப்பட்டு அருகருகே வந்துவிடுகின்றன என்று காட்டினார். நீங்கள் ஆசிரியர் என்பதால் இந்த உவமை பிடிக்கும்: 12 உயிரும் 18 மெய்யும் கற்ற குழந்தைக்கு 216 உயிர்மெய்யும் கிடைத்துவிடுகின்றன; தனித்தனியே கற்பிக்க வேண்டியதில்லை. உடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. துண்டுகளை ஒட்டும் இடத்தில் மரபிழையின் சில எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிறது, சிலவற்றை அழிக்கிறது. பன்மை பெருகுவது பெரும்பாலும் அந்த ஒட்டுப்போட்ட இடத்தில்தான். 1987ஆம் ஆண்டு நோபெல் பரிசை டொனெகாவா ஒருவரே பெற்றார்.

அது பி அணுக்களின் கதை. டி அணுவின் ஏற்பி இன்னும் சில ஆண்டுகள் பிடிபடாமலே இருந்தது. அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவும் கனடாவில் டாக் மாக் குழுவும் 1984ல் அதன் மரபணுக்களைப் பிடித்தன. டேவிஸ் கையாண்ட வழி எளிமையான கழித்தல் கணக்கு. பி அணுவும் டி அணுவும் ஏறத்தாழ ஒரே மரபணுக்களைப் பயன்படுத்துகின்றன. டி அணுவில் இயங்குபவற்றிலிருந்து பி அணுவில் இயங்குபவற்றைக் கழித்துவிட்டால், மிஞ்சும் சிலவற்றுக்குள்தான் தேடும் பொருள் இருக்க வேண்டும். இருந்தது, அதுவும் இதேபோல வெட்டி ஒட்டப்பட்டதாகவே இருந்தது.

கேள்வி: பி அணுவும் டி அணுவும் கிருமியை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் டி அணு எதைத்தான் பார்க்கிறது?
– ஈசூன் வாசகர்

இம்மாதக் கடிதங்களில் என்னை அதிக நேரம் மேசையில் உட்காரவைத்தது இதுதான்.

பி அணுவின் ஏற்பியும், அது வெளியே அனுப்பும் எதிர்ப்பொருளும் முழுப் பொருளை அதன் வடிவத்திலேயே, இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே பற்றிக்கொள்ளும். டி அணுவுக்கு அது முடியாது. முழுக் கிருமியை டி அணுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் அது சும்மா இருக்கும். தேக்கா ஈரச்சந்தையில் முழு மீனை அடையாளம் சொல்பவர்கள் பலர் உண்டு. துண்டு போட்ட மீனை மட்டும் பார்த்து இன்ன மீன் என்று சொல்லும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டும் தரையில் கிடந்தால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். தம் சொந்தக் கடைத் தட்டில் வைத்து நீட்டினால்தான் பார்ப்பார். டி அணு அப்படிப்பட்ட ஆள்.

இதைக் கண்டுபிடித்த கதை 1970களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நடந்தது. கால்நடை மருத்துவராகப் பயின்ற பீட்டர் டோஹர்ட்டியும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இளம் மருத்துவர் ரோல்ஃப் சிங்கர்நாகெலும் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தார்கள். மூளையுறையில் அழற்சி உண்டாக்கும் ஒரு வைரஸைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, சில நாள்களில் உருவாகும் கொல்லும் டி அணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். மற்றொரு பக்கம், அதே வைரஸ் தொற்றிய எலி அணுக்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தை ஊட்டித் தட்டில் வளர்த்தார்கள். டி அணு கொன்றுவிட்டால் அந்த அணு உடைந்து குரோமியம் வெளியே கசியும்; கசிந்ததை அளந்தால் எத்தனை அணுக்கள் செத்தன என்று தெரிந்துவிடும்.

எலியும் தட்டிலுள்ள அணுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையாக இருந்தபோது அணுக்கள் செத்தன. வைரஸ் அதேதான், தட்டிலுள்ள அணு மட்டும் வேறு குலத்து எலியுடையது என்றானபோது டி அணுக்கள் தொடவே இல்லை. எதிரி கண்ணெதிரே இருக்கிறான், காவலன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்! டி அணு பார்ப்பது வைரஸை மட்டும் அல்ல, 'வைரஸும் தன் குலத்து மூலக்கூறும் சேர்ந்த' ஏதோ ஒன்றை என்று அவர்கள் 1974ல் எழுதினார்கள். அந்தக் குல மூலக்கூறை எலியில் ஒரு பெயராலும் மனிதனில் எச்எல்ஏ என்றும் சொல்கிறோம். அதுவரை அதை உறுப்பு மாற்று அறுவை செய்பவர்கள்தான் அறிந்திருந்தார்கள், அதுவும் தானம் பெற்ற உறுப்பை உடல் ஒதுக்கித்தள்ளக் காரணமான தொல்லையாக. அறுவை மருத்துவருக்கு இடைஞ்சல் கொடுப்பதற்காக ஒரு மூலக்கூறு கோடிக்கணக்கான ஆண்டுகளாக தாடையுள்ள முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் காத்திருக்காது என்பது இன்று சொல்ல எளிது. அன்று சொல்ல இரண்டு இளைஞர்களும் கொஞ்சம் எலிகளும் தேவைப்பட்டன. நோபெல் பரிசு வர 1996 ஆயிற்று.

'ஏதோ ஒன்று' என்பது என்ன? ஆக்ஸ்ஃபோர்டில் அலன் டவுன்சென்ட் 1986ல், சளிக்காய்ச்சல் வைரஸின் உட்புரதத்திலிருந்து மிகச் சிறிய துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து, தொற்றே இல்லாத அணுக்களின் மேல் போட்டார். டி அணுக்கள் அவற்றை வைரஸ் தொற்றியவை என்று எண்ணிக் கொன்றன. மறு ஆண்டு, ஹார்வர்டில் பமேலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் குழுவினர் எச்எல்ஏ மூலக்கூறைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். படத்தைப் பார்த்தவுடன், டி அணு எதைப் பார்க்கிறது என்ற சண்டை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். மூலக்கூறின் தலையில் வாழைமட்டையின் உட்குழிவைப் போன்ற ஒரு பள்ளம். பள்ளத்தில், அந்த மூலக்கூறுக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று, மட்டைக்குள் கிடக்கும் நாரைப் போலக் கிடந்தது. அதுதான் புரதத் துண்டு, பெப்டைடு. இந்த வகை எச்எல்ஏயில் பொதுவாக 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டுகள் அமர்கின்றன.

நம் உடலின் அணுக்கள் உள்ளே செய்யும் புரதங்களைப் பழையது, கோணலானது என்று பார்த்து ஓயாமல் நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துண்டுகளில் சிலவற்றை எச்எல்ஏ பள்ளத்தில் ஏந்தி வெளியே நீட்டிக் காட்டுவதும் ஓயாமல் நடக்கிறது. வைரஸ் உள்ளே புகுந்து தன் புரதத்தைச் செய்யவைத்தால், அதன் துண்டும் வரிசையில் வந்து நிற்கும். வெளியே ரோந்து வரும் டி அணு கதவைத் தட்டாமலே உள்ளே நடப்பதை அறிந்துகொள்வது இப்படித்தான். எதிர்ப்பொருளுக்கு இந்த வசதி இல்லை. அணுவுக்குள் ஒளிந்துகொண்ட வைரஸை அது காணாது.

ஒரு விளைவை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தாயிடமிருந்து மூன்று, தந்தையிடமிருந்து மூன்று என, இந்த வகை எச்எல்ஏ ஒருவரிடம் அதிகம் போனால் ஆறு விதம் இருக்கும். ஒவ்வொரு விதத்தின் பள்ளமும் ஒவ்வொரு வகைத் துண்டைத்தான் ஏற்கும். உலக மக்களிடையே எச்எல்ஏயில் பல்லாயிரம் விதங்கள் உள்ளன. ஆகவே ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே காய்ச்சலில் படுத்த கணவனும் மனைவியும் அந்த வைரஸின் வெவ்வேறு துண்டுகளைப் பார்த்துக் குணமடைந்திருக்கக் கூடும்.

கேள்வி: என் கணவருக்கு முகத்தில் மின்சாரம் பாய்வதுபோன்ற நரம்பு வலி. மருத்துவர் கார்பமாசிபின் மாத்திரை தரலாம் என்றார். ஆனால் முதலில் இரத்தத்தில் மரபணுச் சோதனை எடுக்க வேண்டும் என்கிறார். வலி மாத்திரைக்கு மரபணு எதற்கு? வீண் செலவோ என்று தோன்றுகிறது.
– தெம்பனிஸ் வாசகி

வீண் செலவு இல்லை. சோதனையை எடுத்துவிடுங்கள். முந்திய பதிலைப் படித்துவிட்டு இதைப் படித்தால் காரணம் விளங்கும்.

கார்பமாசிபின் நல்ல மருந்து. வலிப்புக்கும் உங்கள் கணவருக்கு வந்திருக்கும் வலிக்கும் நெடுங்காலமாகத் தரப்படுகிறது. ஆனால் மிகச் சிலருக்கு அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் எனும் கடுமையான எதிர்வினையைக் கிளப்பிவிடும். தோல் தீப்பட்டதுபோலக் கொப்புளித்து உரியும், வாயும் கண்ணும் புண்ணாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். தைவான் ஆய்வாளர்கள் 2004ல் இந்த மருந்தால் அப்படிப் பாதிக்கப்பட்ட ஹான் சீன இனத்தவர் 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்னும் ஒரே வகை மூலக்கூறு இருந்தது. மருந்தைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களிடம் அது அரிதாகவே இருந்தது. மருத்துவ ஆய்வில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம்.

மருந்து கிருமி அல்ல, புரதமும் அல்ல. ஆயினும் இந்த வகை எச்எல்ஏயின் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொண்டு, டி அணுவின் பார்வைக்கு அதை வேற்றாள் முகம்போலக் காட்டிவிடுகிறது. டி அணு தன் வேலையைச் செய்கிறது, தப்பான இடத்தில். தென்கிழக்காசியாவில் சீனர், மலாய்க்காரர் ஆகியோரிடையே இந்த வகை அதிகம். இந்தியர்களிடம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. அதனால்தான் ஆசிய வம்சாவளியினருக்குக் கார்பமாசிபினைப் புதிதாகத் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்வது 2013 முதல் சிங்கப்பூரில் வழக்கமான சிகிச்சைமுறையாக உள்ளது. விடை 'உண்டு' என்று வந்தால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். 'இல்லை' என்று வந்தாலும், மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைச் சேர்த்து ஏற்பிகள் உருவாகின்றன என்றால், அவற்றில் சில நம் உடலையே எதிரியாகப் பார்க்காதா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பார்க்கும். அதனால்தான் டி அணுக்கள் இரத்தத்திற்கு வருமுன் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. 1961 வரை அந்தச் சுரப்பியை ஒன்றுக்கும் உதவாதது என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஜாக் மில்லர் பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்தபோது அவை தொற்றுகளைத் தாங்க முடியாமல் மாண்டன. அங்கே இரண்டு தாள்கள் உண்டு. நம் எச்எல்ஏ தட்டைப் பார்க்கவே தெரியாத அணு முதல் தாளில் தோற்கும். தட்டிலுள்ள நம் சொந்தத் துண்டுகளையே இறுகப் பிடித்துக்கொள்ளும் அணு இரண்டாம் தாளில் தோற்கும். தோற்றால் மறுதேர்வு கிடையாது, மரணம்தான். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே வெளியே வருகின்றன. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு கொடிய தேர்ச்சி விகிதம் இருந்தால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

அப்படியும் சில தப்பி வந்துவிடும். அவற்றை அடக்கிவைக்கத் தனியாக ஒரு வகை டி அணுக்கள் உள்ளன. ஷிமோன் சகாகுச்சி அவற்றை 1995ல் அடையாளம் காட்டினார். மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் அவற்றை ஆளும் மரபணுவைக் கண்டனர். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

கேள்வி: மஞ்சளும் வேப்பிலையும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா?
– பெயர் வேண்டாம் என்றவர், அங் மோ கியோ

இந்தக் கேள்வி மாதந்தோறும் வருகிறது. இம்மாதப் பொருளுக்குள் நின்று பதில் சொன்னால், உங்கள் டி அணு எந்தத் துண்டைப் பார்க்கும் என்பதை மஞ்சள் மாற்றாது. ரசத்தில் போடுங்கள், ருசியாக இருக்கும்.

கேள்வி: 2003ல் சார்ஸ் பரவியபோது தாதியாக வேலை பார்த்தேன், எனக்கும் தொற்றி, பிழைத்து வந்தேன். அந்த நோயை என் உடம்பு இன்னமும் நினைவில் வைத்திருக்குமா?
– தோ பாயோ வாசகி

முதலில் என் வணக்கம். அந்த ஆண்டு சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். அவர்களில் உங்களைப் போன்ற மருத்துவப் பணியாளர்களும் இருந்தனர்.

உங்கள் கேள்விக்கு உலகிலேயே நேரடியான பதில் நம் ஊரிலிருந்துதான் வந்தது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த அன்டோனியோ பெர்த்தொலெட்டி குழுவினர், சார்ஸிலிருந்து மீண்ட 23 பேரிடம் 17 ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தம் பெற்று ஆராய்ந்து, 2020ல் முடிவை வெளியிட்டார்கள். சார்ஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிடுவது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் டி அணுக்கள் அப்படியே இருந்தன. சார்ஸ் வைரஸின் புரதத் துண்டுகளைக் காட்டியவுடன் 17 ஆண்டு உறக்கம் கலைந்து எழுந்தன. அவை பார்த்தது எந்தப் புரதத்தை என்றால், மேலே பொங்கோல் வாசகிக்குச் சொன்ன அதே 'என்' புரதத்தை.

இன்னொன்றும் கண்டார்கள். அந்த டி அணுக்கள், அவர்கள் அதுவரை சந்தித்திராத கொவிட் கிருமியின் 'என்' புரதத் துண்டுகளையும் அடையாளம் கண்டுகொண்டன. இரண்டு வைரஸ்களும் உறவுக்காரர்கள். வெளியே தெரியும் முள் மாறுவதைப்போல உள்ளே இருக்கும் புரதம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எதிர்ப்பொருள் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. டி அணுவுக்கு உள்ளே இருப்பதும் துண்டாக வந்து சேர்கிறது. கொவிட்டின் புதிய திரிபுகள் எதிர்ப்பொருளை ஏய்த்த பிறகும் டி அணுக்கள் பெருமளவு ஏமாறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள். டி அணு தொற்றிய அணுவைத்தான் பார்க்கும். தொற்றுவதையே தடுக்கும் வேலை எதிர்ப்பொருளுடையது.

கேள்வி: இறால் சாப்பிட்டால் என் மகனுக்கு உதடு வீங்கிவிடுகிறது. மீன் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. மருத்துவர் தோலில் குத்திச் சோதித்துவிட்டு, தூசிப் பூச்சியும் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார். இறாலுக்கும் மெத்தைத் தூசிக்கும் என்ன உறவு?
– பிடோக் வாசகி

உறவு உண்டு, அதுவும் இரத்த உறவு. இறால், நண்டு, கரப்பான், மெத்தையில் வாழும் நுண் தூசிப் பூச்சி எல்லாம் கணுக்காலிகள். அவற்றின் தசையில் டிரோப்போமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு நூல்களை முறுக்கியதுபோன்ற அதன் வடிவம் இவை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், ஒன்றுக்கென உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றிக்கொள்ளும். நம் ஊர் ஈர வெப்பத்தில் தூசிப் பூச்சி இல்லாத மெத்தை அரிது. பிள்ளைகள் இறாலை வாயில் வைப்பதற்கு வெகு முன்பே தூசிப் பூச்சியை மூக்கால் சந்தித்துவிடுகிறார்கள். அந்தச் சந்திப்பே சிலருக்கு இறால் ஒவ்வாமைக்கு வழிவகுப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மீனுக்கும் நமக்கும்கூட டிரோப்போமயோசின் உண்டு. ஆனால் அது வேறுபட்டது. மீன் ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் பார்வல்புமின் எனும் வேறு புரதம். உங்கள் மகன் மீனைத் தாராளமாகச் சாப்பிடுவதற்கு அதுதான் காரணம். இங்கே வேலை செய்வது ஐஜிஇ வகை எதிர்ப்பொருள், அதாவது வடிவத்தைப் பார்க்கும் வகை. இந்தப் புரதத்தின் முறுக்கு கொதிநீரிலும் எளிதில் கெடாது. ஆகவே நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடைமுறையில் இறாலைவிட, இறாலை நொதிக்கவைத்துச் செய்யும் பெலாச்சான் விழுதுதான் ஆபத்து. தட்டில் இறால் கிடந்தால் பையன் ஒதுக்கிவிடுவான். சம்பலிலும் லக்சா குழம்பிலும் கரைந்திருப்பதை ஒதுக்க முடியாது. உணவங்காடியில் "இறால் போடாதீர்கள்" என்பதோடு நிறுத்தாமல் பெலாச்சான் உண்டா என்றும் கேளுங்கள். உதட்டு வீக்கத்தோடு மூச்சுத் திணறலும் ஒருமுறையாவது வந்திருந்தால், எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அட்ரினலின் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். குறிப்பிட்ட ஒரு துண்டை அடையாளம் காணும் டி அணுவை இரத்தத்திலிருந்து எப்படிப் பிடிக்கிறார்கள், ஐயா? ஏற்பியின் மரபணு வரிசை தெரிந்தால், அது எதைப் பார்க்கும் என்று கணினியே சொல்லிவிடாதா?
– செங்காங் மாணவி

பிடிப்பது கடினம் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எண்ணிக்கை: கிருமியைச் சந்திக்குமுன் அந்தத் துண்டுக்குரிய டி அணு இலட்சத்தில் ஒன்றாகவோ அதைவிட அரிதாகவோ இருக்கும். இரண்டு, பிடி தளர்வு: எதிர்ப்பொருள் ஆன்டிஜெனை உடும்புப் பிடியாகப் பிடிக்கும், டி அணுவின் ஏற்பியோ எச்எல்ஏயும் துண்டும் சேர்ந்த சோடியைச் சில நொடிகள் தொட்டுவிட்டு நழுவிவிடும். இவ்வளவு தளர்ந்த பிடியை வைத்துக்கொண்டே, எதிரில் உள்ள அணுவில் ஆயிரமாயிரம் சொந்தத் துண்டுகளுக்கு இடையே வேற்றுத் துண்டு சுமார் பத்து இருந்தாலே டி அணு விழித்துவிடுகிறது. அது நழுவி நழுவித் தொடுவதுதான் அதன் திறமைக்கு உதவுகிறது என்று கருதுபவர்களும் உண்டு. ஒரே துண்டு பல ஏற்பிகளைத் தொட்டு எழுப்ப முடிகிறதல்லவா?

முன்னே குறிப்பிட்ட மார்க் டேவிஸின் ஆய்வகமும் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களும் சேர்ந்து 1996ல் இதற்கு வழி கண்டார்கள். ஒரு கை நழுவினால் நான்கு கைகளால் பிடி என்பதே அந்த யோசனை. எச்எல்ஏயையும் துண்டையும் ஆய்வகத்தில் செய்து, ஒவ்வொன்றின் வாலிலும் பயோட்டின் என்ற வைட்டமினை ஒட்டுகிறார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் எனும் புரதத்துக்குப் பயோட்டினைப் பிடிக்க நான்கு இடங்கள் உண்டு. கலந்தால் நான்கும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதற்கு டெட்ராமர் என்று பெயர். ஒளிரும் சாயமும் ஏற்றி இரத்த அணுக்களோடு கலந்தால், உரிய டி அணு மட்டும் சாயத்தைச் சுமந்து நிற்கும். பிறகு லேசர் ஒளியின் முன்னே அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் கருவியில் அவற்றைப் பிரித்துவிடலாம்.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சிறு குப்பி டெட்ராமர் தந்தார்கள். விலை உயர்ந்த பொருளாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று உறைபெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் கருவியின் திரையில், வலது மேல் மூலையில் தெரிய வேண்டிய சிறு புள்ளிக்கூட்டம் தெரியவே இல்லை. அதை உறையவிடக் கூடாது, குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையிலேயே வைக்க வேண்டும் என்று குப்பியின் மேலேயே எழுதியிருந்தது. இரண்டாம் குப்பியில் வந்த அந்தப் புள்ளிக்கூட்டத்தை, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில்: இன்னும் முடியவில்லை. எந்தத் துண்டு எந்த எச்எல்ஏ பள்ளத்தில் அமரும் என்பதைக் கணினி இன்று நன்றாகவே கணிக்கிறது. புரதம் மடியும் வடிவத்தைக் கணிக்கும் மென்பொருளுக்கு 2024ல் வேதியியல் நோபெல் பரிசே கிடைத்துவிட்டது. ஆனால், முன்பின் கண்டிராத ஒரு துண்டைக் கொடுத்து, இந்த ஏற்பி இதைப் பார்க்குமா என்று கேட்டால் கணினி தடுமாறுகிறது. ஏற்பியின் நுனியிலுள்ள வளையங்கள் நெகிழ்ந்து வளைபவை. ஒரே ஏற்பி எத்தனையோ வெவ்வேறு துண்டுகளுக்கு இசைந்துகொடுக்கும். சோதித்து அறிந்த சோடிகளோ இருக்கக்கூடிய சோடிகளோடு ஒப்பிட்டால் கடலில் ஒரு கையளவு. இப்போதைக்கு ஒரு பாதி வழி கிடைத்திருக்கிறது. டேவிஸ் குழுவினர் 2017ல் வெளியிட்ட முறையில், பலருடைய இரத்தத்திலுள்ள ஏற்பிகளின் வரிசைகளை ஒப்பிட்டு, பொதுவான எழுத்துத் தொடர்களைக் கொண்டவற்றை ஒரே குழுவாகப் பிரிக்கிறார்கள்; ஒரு குழுவிலுள்ளவை பெரும்பாலும் ஒரே துண்டைத்தான் பார்க்கின்றன. காசநோய்க் கிருமி தொற்றியவர்களிடம் அதைச் செய்தும் காட்டினார்கள். விலாசம் படிக்கத் தெரியாதபோதும், ஒரே ஊருக்குப் போகும் கடிதங்களைக் கையெழுத்துச் சாயலைக் கொண்டே கட்டுக்கட்டாகப் பிரித்து வைப்பதுபோன்ற வேலை அது. கட்டின் மேல் ஊர்ப்பெயரை எழுத இன்றைக்கும் ஆய்வகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், குப்பியை உறைபெட்டியில் வைக்காமல்.